ஓகஸ்ட் கோடைப் பள்ளி: பாடநெறி, செயலமர்வு முன்மொழிவை எப்படி எழுதுவது?

தேயிலைச்சரிவு (இழையைத் தொடங்கியவர்)

அடுத்த ஓகஸ்டில் மலையகத்தில் இரண்டு வாரக் கோடைப் பள்ளி ஒன்றை நடத்தத் திட்டமிடுகிறோம். மொழி, வரலாறு, சமூக ஆய்வு, கணினி ஆகியவை ஒன்றையொன்று தொடும் இடம்தான் நம் பரப்பு. பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களின் இறுதியாண்டு மாணவர்கள், முதுமாணி ஆய்வாளர்கள், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர்கள், பாடசாலை ஆசிரியர்கள் எனச் சுமார் 60 பேரை எதிர்பார்க்கிறோம்.

1989இல் குரோனிங்கனில் தொடங்கி ஐரோப்பிய நகரங்களில் நடந்துவரும் தருக்கம், மொழி, தகவல் கோடைப் பள்ளியின் சட்டகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பாடநெறிக்கு ஒரு வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஓர் அமர்வு. ஓர் அமர்வு 90 நிமிடம். அடிப்படை, அறிமுகம், மேல்நிலை என்று மூன்று படிகள். இவற்றோடு செயலமர்வுகள். ஒரு முன்மொழிவுக்குக் கற்பிப்பவர் இருவருக்கு மேல் வேண்டாம்.

முன்மொழிவு இரண்டு பக்கம். அதில் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பதை இந்த இழையில் பேசித் தீர்த்துவிட்டுப் படிவத்தை வெளியிடலாம் என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் விவரமாக எழுதுங்கள்.

---

கரும்பலகை

முதல் கேள்வியாக "வெள்ளிக்கிழமை மாலை உங்கள் மாணவரால் எதைச் செய்ய முடியும்?" என்பதை வையுங்கள். ஒரே வாக்கியத்தில் பதில் வர வேண்டும். "மலையக வரலாறு பற்றி அறிந்திருப்பார்" என்பது பதிலாகாது. "ஒரு தோட்டப் பதிவேட்டின் பக்கத்தைத் தனியாக வாசித்து அட்டவணையாக்குவார்" என்பது பதில். இதற்கு விடை எழுத முடியாதவரிடம் இன்னும் பாடநெறி உருவாகவில்லை, தலைப்பு மட்டும்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஐந்து அமர்வு, 90 நிமிடம், மொத்தம் 450 நிமிடம், அதாவது ஏழரை மணித்தியாலம். நம் பல்கலைக்கழகங்களில் ஒரு திறமை அலகு என்றால் 15 மணித்தியால விரிவுரை. ஆகவே இது அரை அலகு. இரண்டு அலகுப் பாடத்தின் 30 மணித்தியாலக் குறிப்புகளை அப்படியே கொண்டுவந்து சுருக்க நினைப்பவர்கள் புதன்கிழமையே பின்தங்கிவிடுவார்கள். வியாழன், வெள்ளிக்கு வைத்திருந்த சாரமான பகுதி பத்து நிமிட ஓட்டமாகிவிடும். முன்மொழிவுகள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

90 நிமிடத்தையும் விரிவுரையாக்க முடியாது. நேற்றையதை மீட்டிப் பார்க்கப் பத்து நிமிடம், புதிய விஷயத்துக்கு 35, கையால் செய்ய 30, செய்ததை ஒப்பிட்டுப் பேச 15 என்று பிரித்தால் சரியாக இருக்கும். அப்படியானால் வாரம் முழுவதற்கும் புதிய விஷயத்துக்குக் கிடைப்பது 175 நிமிடம்தான். அந்த அளவுக்குள் என்ன அடங்கும் என்று யோசித்து எழுதச் சொல்லுங்கள். திட்டத்தை வெள்ளியிலிருந்து பின்னோக்கி எழுதுவது நல்லது. வெள்ளிக்கு என்ன தேவை, அதற்கு வியாழன் எதைத் தர வேண்டும் என்று இறங்கி வந்தால் திங்களில் தேவையில்லாத முன்னுரை தானாகக் கழன்றுவிடும்.

---

செக்ரோல் வாசகர்

கரும்பலகை சேர் சொன்ன முறையில் ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். மற்றவர்கள் குறை சொல்ல வசதியாக இருக்கும்.

தலைப்பு: தோட்ட ஆவணங்களை வாசித்தல். படி: அறிமுகம். முன்னறிவு: ஆங்கிலக் கையெழுத்தைச் சிரமப்பட்டாவது வாசிக்கும் பழக்கம். உச்ச எண்ணிக்கை 25.

திங்களன்று யார் எந்த ஆவணத்தை எதற்காக எழுதினார்கள் என்பதை மட்டும் எடுக்கலாம். பெயர்வாரியாக வேலை நாளும் சம்பளமும் பதியும் செக்ரோல், கங்காணியின் (ஆள்திரட்டி மேற்பார்த்தவரின்) கடன் கணக்கு, துரையின் (தோட்ட மேலாளரின்) கடிதப் பிரதி, பிறப்பு இறப்புப் பதிவு ஆகிய ஒவ்வொன்றும் வேறொரு தேவைக்காகப் பிறந்தவை. காலக்கோடு கட்டாயம் வேண்டும், ஆனால் அதைப் பாடமாக நடத்தாமல் ஒரு பக்கத் தாளாகக் கொடுத்துவிடலாம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லரின் தேயிலை, 1869இல் கோப்பியை அழிக்கத் தொடங்கிய இலைத்துரு நோய், 1921இல் துண்டு (தொழிலாளியின் கடன் சீட்டு) முறை ஒழிப்பு, 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1948இல் குடியுரிமைச் சட்டம், 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம், 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்கு. இவை இருந்தால் போதும். கடைசி மூன்று ஆண்டுகளையும் மாணவர் விளங்கிக்கொள்ளவே வேண்டும். ஏனென்றால் ஸ்டேர்லிங் (பிரித்தானிய) கம்பனி, அரசுக் கூட்டுத்தாபனம், பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனி என்று கை மாறும்போது பதிவேடுகளும் இடம் மாறின. ஒரு வரிசை திடீரென்று நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

செவ்வாயன்று ஒரே ஒரு பக்கத்தை வாசிப்பது. 25 பேரை ஐந்து குழுவாக்கி எல்லாருக்கும் அதே பக்கத்தைக் கொடுக்க வேண்டும். வேறு வேறு பக்கம் கொடுத்தால் ஒப்பிட முடியாது. இங்கே எப்போதும் சிக்குவது பெயர்கள்தான். கிளாக்கர் (தோட்ட எழுதுவினைஞர்) ஆங்கிலத்தில் காதால் கேட்டு எழுதியதால் முத்தம்மா ஒரே பதிவேட்டில் மூன்று எழுத்துக்கூட்டலில் வருவார். மூவரா, ஒருவரா என்று முடிவெடுக்க வேலை நாட்களையும் பக்கத்து வரிசையில் இருக்கும் குடும்பத்தையும் பார்க்க வேண்டும். இதற்கே 30 நிமிடம் போய்விடும். போகட்டும், பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

புதனன்று அட்டவணையாக்கம். மூலத்தில் உள்ளபடி ஒரு நிரல், நாம் திருத்திய வடிவம் ஒரு நிரல், ஐயக்குறி ஒரு நிரல். மூலத்தின் மேலேயே திருத்தி எழுதும் பழக்கத்தை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

வியாழனன்று பதிவேடு சொல்லாதவை. வீட்டு வேலை எந்த நிரலிலும் இல்லை. பெண்ணின் நாட்கூலி ஆணுடையதைவிடக் குறைவாக எழுதப்பட்டிருப்பதை எந்த ஆண்டு வரை பார்க்கிறோம், 1984இல் சம்பளம் சமமாக்கப்பட்ட பின் நிரல் எப்படி மாறுகிறது என்று தேடச் சொல்லலாம். வெள்ளியன்று ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் எழுதும்: இந்தத் தாளை வைத்து எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது.

ஒரு நிபந்தனையைப் படிவத்திலேயே சேருங்கள். பழைய பதிவேட்டில் சாதியும் கடனும் பெயரோடு இருக்கும். அந்தப் பெயர்களின் பேரப்பிள்ளைகள் அதே தோட்டத்தில் வாழ்கிறார்கள், வகுப்பிலேயே ஒருவர் இருக்கலாம். பிரதி எடுக்கும் முன் பெயரை மறைத்துத் தொடர் இலக்கம் இட வேண்டும். பெயர் தேவைப்படும் செவ்வாய்ப் பயிற்சிக்கு, எழுத்துக்கூட்டலின் போக்கைக் காப்பாற்றிப் பெயர்களை மாற்றிய ஒரு பக்கத்தைத் தயாரித்துக்கொள்ளலாம். மூலப் பதிவேட்டை வகுப்பறைக்குக் கொண்டுவரவே கூடாது. ஈரமான காற்றிலும் 25 பேரின் கையிலும் அந்தத் தாள் தாங்காது.

---

ஊவாக்காரி

மிக நல்ல மாதிரி அண்ணே. ஒரு திருத்தம் மட்டும். வியாழன் அமர்வுக்கு வெவ்வேறு ஆண்டுகளின் பக்கங்கள் வேண்டும் என்றால் அவற்றை முன்மொழிவின்போதே கையில் வைத்திருக்க வேண்டும். "ஆவணங்கள் பின்னர் பெறப்படும்" என்று எழுதும் முன்மொழிவை ஏற்கக் கூடாது. தோட்ட நிர்வாகத்தின் அனுமதி எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. படிவத்தில் இப்படிக் கேளுங்கள்: கற்பிக்கத் தேவையான பொருள் இன்று உங்களிடம் இருக்கிறதா, யாருடைய அனுமதியோடு இருக்கிறது?

---

யுனிகோட் தச்சர்

கணினிப் பக்கத்துக்கு நான் நினைப்பது அடிப்படைப் படியில் ஒரு பாடநெறி: தமிழ் எழுத்துத் தரவைச் சுத்தம் செய்தல். செக்ரோல் வாசகர் அண்ணனின் பாடத்துக்கு வருபவர்களுக்கும், சஞ்சிகைகள், மாநாட்டு மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்களை வைத்து ஆய்வு செய்பவர்களுக்கும் முதலில் தேவைப்படுவது இதுதான்.

நம் நாட்டில் தட்டச்சான பழைய கோப்புகளில் பெரும்பகுதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. பாமினிக் கோப்புக்குள் உண்மையில் தமிழ் எழுத்தே கிடையாது. உள்ளே இருப்பவை ஆங்கில விசைகளின் எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. மாற்றும்போது மூன்று இடத்தில் அடி விழும். முதலாவது, கொம்பு. பாமினியில் ஒற்றைக்கொம்பை மெய்க்கு முன்னால் அடிக்கிறோம். யுனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. வரிசையைத் திருப்பாத மாற்றி 'கொ'வை உடைத்துவிடும். இரண்டாவது, ஆங்கிலச் சொற்கள். ஆவணத்தின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், வெறும் எழுத்தாகப் பிரதி எடுத்த பின் அது ஆங்கிலமா பாமினியா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் வேர்ட் கோப்பிலிருந்து எழுத்துருத் தகவலோடு எடுக்க வேண்டும், பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றாவது, ஒரே கோப்பில் பாமினியோடு வேறு பழைய எழுத்துருவும் கலந்திருப்பது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனி அட்டவணை தேவை.

யுனிகோடுக்கு வந்த பிறகும் வேலை முடியாது. 'கொ' என்பதை மெய்யோடு ஓர் உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இயல்பாக்கம் செய்தால், அதாவது இரண்டையும் ஒரே வடிவமாக்கினால், இது தீரும். ஆனால் ஔவுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடித்திருந்தால் இயல்பாக்கம் அதைத் தொடாது, தனியாகத் தேடித் திருத்த வேண்டும். எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். 'மலையகம்' ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு குறி. கோப்பில் 21 பைட். "எத்தனை எழுத்து" என்று பைதனிடம் கேட்டு வந்த விடையை அப்படியே கட்டுரையில் போடுபவர்களுக்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

வரிசைப்படுத்தலுக்கு முழு அமர்வு ஒன்று ஒதுக்குவேன். யுனிகோடில் ன-வின் இடம் ந-வுக்கு அடுத்தது, ற-வின் இடம் ர-வுக்கு அடுத்தது. புள்ளி வைத்த க், கௌ-வுக்கும் பின்னால் போய்விடும். எந்த ஏற்பாடும் செய்யாமல் பெயர்ப்பட்டியலை வரிசைப்படுத்தினால் நம் அகராதி வரிசை வராது. மாணவரே தமிழ் வரிசைக்கான அட்டவணையை எழுதி அதைச் சரிசெய்வதுதான் வெள்ளிக்கிழமை வேலை.

மென்பொருள் பற்றி முன்மொழிவில் இரண்டு வரி கட்டாயம் வேண்டும். நிறுவும் கோப்புகள், எழுத்துருக்கள், எழுத்துணரியின் (படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் மென்பொருளின்) தமிழ்த் தரவு, பயிற்சிக் கோப்புகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே பென் டிரைவில் ஏற்றி ஆறு பேருக்கு ஒன்று என்று கொடுக்க வேண்டும். 30 பேர் ஒரே வேளையில் ஒரு வைஃபையிலிருந்து இறக்கினால் திங்கள் அமர்வு அதிலேயே முடிந்துவிடும். நிறுவும் வேலையை ஞாயிறு மாலைப் பதிவு நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மடிக்கணினி இல்லாதவர்களுக்கு இருவருக்கு ஒன்று என்ற ஏற்பாட்டையும் சொல்லியிருக்க வேண்டும். இருவருக்கு ஒன்று என்பது கற்பித்தலுக்குக் கெடுதி அல்ல, மூவருக்கு ஒன்று என்றால் மூன்றாமவர் பார்வையாளராகிவிடுவார்.

---

மழைமானி

பாடத்திட்டம் நன்றாக இருக்கிறது. நாளும் இடமும் தீர்மானமாகாமல் இவற்றில் எதுவும் நடக்காது.

ஹட்டனும் பண்டாரவளையும் கிட்டத்தட்ட ஒரே உயரம், இரண்டும் 1,200 மீற்றருக்கு மேல். ஓகஸ்ட் இரண்டுக்கும் ஒன்றல்ல. தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மோதி கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையைக் கொட்டிவிடுகிறது. மலை முகட்டைத் தாண்டி ஊவாவுக்கு இறங்கும்போது அது வறண்ட கச்சான் காற்று. ஊவாவின் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான். ஆகவே ஓகஸ்ட் என்றால் பண்டாரவளை, பதுளைப் பக்கம். ஏப்ரல் விடுமுறைக்கு மாற்றினால் பிற்பகல் இடிமழை இரு பக்கமும் வரும்.

மேற்குச் சரிவில்தான் நடத்த வேண்டும் என்றால் மண்டபத்தின் கூரையைப் பாருங்கள். உள்கூரை இல்லாத தகர ஷீட்டில் அடைமழை விழுந்தால் மூன்றாம் வரிசைக்கு விரிவுரை கேட்காது. ஒலிபெருக்கியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். சிலாப் அல்லது உள்கூரை உள்ள அறைகளை மட்டும் எடுங்கள். மல்டிமீடியாவை (படவீழ்த்தியை) இரவு பூட்டிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மின்சாரம் நின்றால் மல்டிமீடியாவுக்குச் சிறிய யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும், அது ஒழுங்காக அணைப்பதற்கு மட்டும். தொடர்ந்து நடத்த ஜெனரேட்டர் வேண்டும். இல்லையென்றால் படவில்லை இல்லாமலேயே அமர்வை நடத்தக்கூடிய தாள் வடிவம் ஒன்றை ஒவ்வொரு முன்மொழிவிடமும் கேளுங்கள். என் விருப்பம் தாள்தான்.

மண்சரிவு: தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை, 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டும்போது தொடங்கி மேலே போகும். தினமும் காலையில் பிரதேசச் செயலகப் பிரிவு வாரியாக ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ரயில் பாதை ஓர் இடத்தில் அடைபட்டால் நானுஓயாவிலும் ஹட்டனிலும் ஆட்கள் தங்கிவிடுவார்கள். அதனால் விரிவுரையாளர்கள் சனிக்கிழமையே வந்து சேர வேண்டும், ஞாயிறு இரவு ரயிலை நம்பக் கூடாது.

கண்டியில் நடத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: எசல பெரஹரா திருவிழா நாட்களில் அறை கிடைக்காது, கிடைத்தால் வாடகை ஏறியிருக்கும், மாலையில் நகர வீதிகள் மூடப்படும். அந்த நாட்களைத் தவிர்த்தால்தான் கண்டியைப் பற்றிப் பேசலாம்.

---

தேயிலைச்சரிவு

மழைமானி அண்ணே, நன்றி. அப்படியானால் பண்டாரவளையை முதல் தெரிவாக வைக்கிறேன். போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் குறுக்கே வந்தால் என்ன செய்வது?

---

மழைமானி

பௌர்ணமி 29 அல்லது 30 நாளுக்கு ஒருமுறை. 14 நாள் நிகழ்வுக்குள் அது விழ ஏறத்தாழப் பாதி வாய்ப்பு உண்டு. வார நாளில் விழுந்தால் அன்று அரச விடுமுறை, அரச கட்டடத்தைத் திறந்து தர மாட்டார்கள், ஐந்தமர்வுப் பாடநெறி நான்காகிவிடும். நாட்காட்டியைப் பார்த்து இரண்டு போயாக்களுக்கு இடைப்பட்ட இரண்டு வாரத்தைப் பிடியுங்கள். முடியாவிட்டால் போயா சனி ஞாயிறில் விழும் வாரங்களாகப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் அந்த வாரத்துக்குச் சனிக்கிழமையை ஐந்தாம் நாளாக இப்போதே அறிவிக்க வேண்டும். பள்ளி தொடங்கிய பிறகு சொன்னால் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்டிருப்பார்கள்.

---

ஊவாக்காரி

வெள்ளிக்கிழமையும் இருக்கிறது. ஜும்ஆவுக்குப் போகும் பங்குபற்றுநர்கள் 11.00 முதல் 12.30 வரையான அமர்வின் கடைசிப் பகுதியை இழப்பார்கள். வெள்ளிதான் எல்லாப் பாடநெறிக்கும் முடிவு நாள். அன்றைக்கு மட்டும் 8.30 முதல் 10.00, 10.15 முதல் 11.45, பிறகு 2.00 மணிக்கு என்று மாற்றினால் யாருக்கும் இழப்பு இல்லை.

---

கரும்பலகை

செயலமர்வையும் பாடநெறியையும் குழப்பிக்கொள்ளாமல் படிவத்தில் பிரியுங்கள். பாடநெறியில் கற்பிப்பவர்தான் உள்ளடக்கத்தைக் கொண்டுவருகிறார். நாம் கடன் வாங்கும் சட்டகத்தில் செயலமர்வுக்குப் பொறுப்பானவர் உள்ளடக்கத்தைத் திரட்டுகிறார்: தானே கட்டுரை அழைப்பு விடுத்து, மதிப்பிட்டு, நிகழ்ச்சி நிரலை அமைக்கிறார். நம் ஊரில் கைப்பயிற்சி எல்லாவற்றையும் செயலமர்வு என்று சொல்லிவிடுவதால் தவறான பெட்டிக்குள் விண்ணப்பம் வரும்.

அதன் கணக்கும் வேறு. ஓர் உரைக்கு 20 நிமிடமும் கேள்விக்குப் பத்தும் என்றால் 90 நிமிட அமர்வுக்கு மூன்று உரை, வாரத்துக்கு 15 இடம். இரண்டை அழைப்புரைக்கும் ஒன்றை இறுதிக் கலந்துரையாடலுக்கும் வைத்தால் மிச்சம் 12. 12 நல்ல கட்டுரை வருமா என்று தயங்கும் தலைப்பாக இருந்தால், அதைச் செயலமர்வாக்க வேண்டாம்.

ஓகஸ்டிலிருந்து பின்னோக்கி நாள் குறியுங்கள். ஜூன் நடுவில் இறுதி நிகழ்ச்சி நிரல். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கட்டுரை முடிவுகள், ஏனென்றால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் எந்த அலுவலகத்திலும் வேலை நடக்காது. பெப்ரவரி இறுதியில் கட்டுரைகள் வந்து சேர வேண்டும். அதற்கு டிசம்பரில் அழைப்பு. அதற்கு நவம்பர் முடிவில் செயலமர்வு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே முன்மொழிவுகளின் கடைசி நாள் செப்டெம்பர் இறுதி. பதினொரு மாதம் அதிகமாகத் தெரியலாம். நடுவில் ஓர் இணைப்பைச் சுருக்கினாலும், மதிப்பீட்டுக்கான வாரங்களைத்தான் முதலில் வெட்டுவார்கள். அது வெட்டப்பட்டால் தரம் போய்விடும்.

---

ஒலிவாங்கி

தோட்டப் பாடல்களையும் வாய்மொழி வழக்காறுகளையும் ஒலிப்பதிவு செய்யும் கைப்பயிற்சிக்கு இடம் உண்டா? சி.வி. வேலுப்பிள்ளை மலையகப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெரிந்த முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். பதிவு செய்யத் தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு பிரதேசத்திலும் வேண்டும்.

கற்பிக்க வேண்டியவை திட்டமானவை. கோப்பு வேவ் வடிவில், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். ஒற்றை ஒலித்தடம் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 518 மெகாபைட் ஆகும். 32 ஜிபி அட்டையில் 60 மணித்தியாலத்துக்குக் கிட்ட அடங்கும், அதனால் இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3க்குப் போகத் தேவையில்லை. ஒலிவாங்கி வாயிலிருந்து 20 முதல் 30 சென்ரிமீற்றர், சற்றே பக்கவாட்டில். உச்சம் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி மட்டத்தை வைக்க வேண்டும், ஒப்பாரியில் குரல் திடீரென்று ஏறும். லயக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி, மேலே தகரம். நடுவே உட்காராமல் துணியும் பாயும் இருக்கும் மூலைக்குப் போனால் எதிரொலி குறையும். பதிவின் தொடக்கத்தில் இடம், நாள், பாடுபவர் சம்மதம் ஆகியவற்றைக் குரலிலேயே பதிய வேண்டும். கையொப்பம் மட்டும் வாங்கினால் தாள் ஒரு பக்கமும் கோப்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். அன்றிரவே இரண்டு பிரதி, வேறு வேறு ஆட்களின் பையில்.

சம்மதம் ஒருமுறை கேட்டு முடிகிற விஷயம் அல்ல. பதிவு செய்யலாமா, வகுப்பில் போடலாமா, இணையத்தில் வைக்கலாமா என்று மூன்றும் தனித்தனிக் கேள்வி. ஒப்பாரியை இணையத்தில் வைக்க விரும்பாத அம்மாக்கள் உண்டு. அவர்கள் சொல்வதே இறுதி.

---

செக்ரோல் வாசகர்

பொருள் மிகத் தேவையானது. ஆனால் 25 பேர் ஒரே லயத்துக்குள் போவதை ஏற்க முடியாது. கொழுந்தெடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்பிச் சமைக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் வாசலில் நின்றால் அந்த அம்மா மறுக்கவும் முடியாமல் பாடுவார். அது சம்மதம் ஆகாது. ஒரு வீட்டுக்கு இருவர், ஒரு தோட்டத்துக்கு மூன்று வீடு, முன்கூட்டியே ஊர்க்காரர் ஒருவர் மூலம் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தில். செலவழித்த நேரத்துக்கு ஒரு நாட்பேருக்கு (ஒரு நாள் சம்பளத்துக்கு) குறையாத தொகையையும் வரவு செலவில் எழுதுங்கள்.

---

ஒலிவாங்கி

ஏற்றுக்கொள்கிறேன் அண்ணே. அப்படியானால் எண்ணிக்கையை 12 ஆக்குகிறேன், இரண்டு தோட்டம், ஆறு சோடி. அமர்வுகளில் வகுப்புக்குள் ஒருவரையொருவர் பதிவு செய்து பழகட்டும். களம் ஞாயிறு முற்பகல் மட்டும்.

---

யுனிகோட் தச்சர்

ஞாயிறு களம் என்றால் இந்தப் பாடநெறி முதல் வாரத்தில் இருக்க வேண்டும், வெள்ளியோடு பயிற்சி முடிந்து இரண்டு நாளில் களம். திரும்பி வந்து கேட்டுத் திருத்த இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை நேரம் வேண்டும். படிவத்தில் "எந்த வாரம், ஏன்" என்று ஒரு கட்டம் வையுங்கள் தேயிலைச்சரிவு. அடிப்படைப் பாடநெறிகள் எல்லாம் முதல் வாரம், அவற்றை நம்பி நிற்கும் மேல்நிலை இரண்டாம் வாரம். ஒன்றையொன்று நம்பும் இரண்டை ஒரே நேரத்தில் இரண்டு அறையில் போட்டால் எவருக்கும் பயனில்லை.

---

ஊவாக்காரி

கற்பிக்கும் மொழியை மழுப்பாமல் எழுதச் சொல்லுங்கள். "மூன்று மொழியிலும்" என்று எழுதிவிட்டுத் தமிழில் மட்டும் நடத்துவது சிங்கள மொழிமூல மாணவருக்குச் செய்யும் அநியாயம். தமிழில் நடத்தி, படவில்லைகளை ஆங்கிலத்தில் வைத்து, 40 கலைச்சொற்களை மூன்று மொழியிலும் ஒரு தாளில் கொடுப்பது செய்யக்கூடியது. அதை அப்படியே அறிவித்தால் வருபவர் தெரிந்தே வருவார்.

ஆசிரியர்கள் வர வேண்டும் என்றால் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதத்தை நாமே முன்கூட்டிக் கேட்க வேண்டும். பல்கலைக்கழக விரிவுரையாளருக்குக் கடமை விடுமுறைக்கு அழைப்புக் கடிதம் தேவை. அதில் பாடநெறித் தலைப்பும் நாட்களும் இருக்க வேண்டும். வெறும் வாழ்த்துக் கடிதத்தை வைத்து விடுமுறை எடுக்க முடியாது.

---

கரும்பலகை

மதிப்பீடு பற்றி. ஒரு முன்மொழிவை இருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் துறைக்காரர், மற்றவர் துறைக்கு வெளியே உள்ளவர். அறிமுகப் படிக்கு வெளியாளின் தீர்ப்புக்குத்தான் எடை அதிகம். அவருக்கே திங்கள் அமர்வு விளங்கவில்லை என்றால் அது அறிமுகமல்ல, பெயரை மேல்நிலை என்று மாற்றச் சொல்ல வேண்டும்.

தன்விவரத்தை அரைப் பக்கத்துக்குள் நிறுத்துங்கள். அதற்குப் பதில் செவ்வாய் அமர்வின் நடுவே வரும் அந்த 30 நிமிடப் பயிற்சியை முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள்: மாணவர் கையில் என்ன தாள், என்ன கேள்வி, எப்படிப்பட்ட தவறு வரும், வந்தால் கற்பிப்பவர் என்ன செய்வார். அந்த அரைப் பக்கம் ஒருவருக்குக் கற்பிக்கத் தெரியுமா என்பதைப் பட்டங்களைவிடத் தெளிவாகக் காட்டும். இரண்டு முன்மொழிவு ஒரே பொருளில் வந்தால் நிராகரிக்கும் முன் இருவரையும் சேர்ந்து ஒன்றாக எழுத முடியுமா என்று கேளுங்கள். இருவர் வரம்பு இருப்பது அதற்கும் வசதி.

---

தேயிலைச்சரிவு

இதுவரை வந்ததை வைத்துப் படிவத்தை எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை வாக்கியம்; ஐந்து நாள் திட்டம்; செவ்வாய்ப் பயிற்சி முழுதாக; படியும் முன்னறிவும்; கற்பிக்கும் மொழி; கையில் உள்ள பொருளும் அதன் அனுமதியும்; மின்சாரம் இல்லாவிட்டால் நடத்தும் வழி; எந்த வாரம், ஏன்; உச்ச எண்ணிக்கை. செயலமர்வுக்கு இவற்றில் சில நீங்கி, அழைப்பின் வாசகமும் 12 இடத்துக்கான நம்பிக்கையின் காரணமும் சேரும்.

நேர அட்டவணை: 9.00, 11.00, 2.00, 3.45 என்று நாளுக்கு நான்கு அமர்வு, இரண்டு அறை. 60 பேருக்கு இதற்கு மேல் இணை அறை வைத்தால் வகுப்புகள் மெலிந்துவிடும். அதன்படி இரண்டு வாரத்துக்கு 16 இடம். மூன்றைச் செயலமர்வுக்கு வைத்தால் பாடநெறிக்கு 13. கடைசி அமர்வு 5.15க்கு முடிவதால் வெளியே தங்குபவர்களுக்குப் பஸ் கிடைக்கும்.

போட்டோக்கொப்பிக் கணக்கையும் கேட்டிருக்கிறார்கள். 30 பேர், நாளுக்கு ஆறு பக்கம், ஐந்து நாள்: 900 பக்கம், இரு புறமும் அடித்தால் 450 தாள். ஒரு பாடநெறிக்கு 500 தாள் கட்டு ஒன்று என்று வரவு செலவில் எழுதுகிறேன். கற்பிப்பவர்களுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை, பஸ் அல்லது ரயில் கட்டணமும் தங்குமிடமும் உண்டு.

---

ஒலிவாங்கி

ஞாயிறு களத்துக்கு வாகனச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது? 12 பேரும் கருவிகளும்.

---

மழைமானி

தனித் தலைப்பில் எழுதுங்கள் தம்பி, பாடநெறிச் செலவோடு கலந்தால் வெட்டும்போது அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். இரண்டு தோட்டம் என்பதால் ஒரு பெரிய வானைவிட இரண்டு சிறிய வான் நல்லது, தோட்டப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பெரியது திரும்பாது. ஒவ்வொன்றிலும் கருவிப் பெட்டிக்கு மழைக் கவசம். காலை 8.30க்குப் புறப்பட்டு 1.00 மணிக்குள் திரும்புவதாகவும், முதல் நாள் இரவு மண்சரிவு எச்சரிக்கை வந்தால் களத்தை அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றுவதாகவும் எழுதி, அந்தச் சனிக்கிழமையை இரு தோட்டத்துக்காரரிடமும் இப்போதே கேட்டு வையுங்கள்.